கூடு கரையில் இருக்கிறது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீர்நிலை மீட்பு பற்றிப் பேசுமாறு அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பொருளுக்குள் நின்றே, பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு பகுதியை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஏரியைத் தூர்வாரினோம், கரையை உயர்த்தினோம், தண்ணீர் நின்றது, பறவை வந்தது என்று செய்தி வருகிறது. வந்த பறவை குஞ்சு பொரித்ததா என்ற கேள்வி அந்தச் செய்தியில் இருப்பதில்லை. வாத்துகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு மீட்பைப் பேசவே முடியாது. வாத்து தண்ணீரில் இரை தேடுகிறது, தண்ணீரில் இணை சேர்கிறது. ஆனால் பல இனங்கள் முட்டையிடுவது தண்ணீரை விட்டு விலகிய தரையில், புல்லுக்குள். நீரை மட்டும் மீட்டுப் புல்லை மறந்துவிட்டால், தாய்ப்பறவையை வரவழைத்து நரிக்குக் காட்டிக்கொடுத்ததாகத்தான் முடியும்.

இதைப் பெரும்பணம் செலவழித்து, பல பத்தாண்டுகள் அளந்து பார்த்துக் கற்ற நிலம் ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், கனடாவும் அமெரிக்காவும் பகிர்ந்துகொள்ளும் புல்வெளி அது. இன்றைய உரை அந்த நிலத்தைப் பற்றியது.

குழிகளின் நாடு

கனடாவில் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா. அமெரிக்காவில் மொன்டானா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, மினசோட்டா, அயோவா. இந்த மாநிலங்களின் பகுதிகளைச் சேர்த்து 'ப்ரெய்ரி பாட்ஹோல்' வட்டாரம் என்கிறார்கள். பரப்பு ஏறத்தாழ 7 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறைகள் 10,000 ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கிருந்து பின்வாங்கின. மண்ணுக்குள் புதைந்து நின்ற பனிக்கட்டிகள் உருகிய இடமெல்லாம் பள்ளமாயிற்று. அந்தத் தண்ணீரை வடித்துச் செல்ல ஆறுகள் இன்னும் முழுமையாக உருவாகவில்லை. எனவே பனி உருகும் நீரும் மழைநீரும் அந்தந்தக் குழியிலேயே தங்குகின்றன. குழிகள் நெருக்கமாக உள்ள இடங்களில் ஒரு சதுர மைலுக்கு நூறு வரைகூட எண்ணலாம்.

எல்லாக் குழியும் ஒன்றல்ல. 1971-இல் ஸ்டூவர்ட், கான்ட்ரட் என்ற இரு ஆய்வாளர்கள் இவற்றை நீர் நிற்கும் காலத்தை வைத்து வகைப்படுத்தினார்கள். சில குழிகளில் வசந்தத்தில் ஓரிரு வாரமே தண்ணீர் நிற்கும். சிலவற்றில் கோடையின் நடுப்பகுதி வரை நிற்கும். சில ஆண்டு முழுவதும் வற்றாது. இந்தக் கலவைதான் வாத்துக்கு வேண்டியது. ஆழமில்லாத குழி முதலில் பனி உருகி, முதலில் சூடேறும். நத்தையும் சிற்றிறாலும் பூச்சிகளின் புழுவும் அதில்தான் முதலில் பெருகும். முட்டையிடப் போகும் பெட்டைக்குத் தானியம் போதாது, புரதம் வேண்டும். அந்தப் புரதம் இந்த ஓரிரு வாரக் குழிகளில் கிடைக்கிறது. குஞ்சுகள் பொரித்த பிறகு, கோடை நடுவில், வற்றாத குழியும் அதன் கோரை மறைவும் தேவைப்படும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இணை சேர்ந்த ஆண் வாத்து தன் பெட்டையின் அருகே வேறு ஆணை நெருங்க விடாது. ஒரு சிறு குளத்தில் ஒரு சோடி அமர்ந்துவிட்டால் அடுத்த சோடி வேறு குளம் தேடிப் போகும். ஆகையால் பத்து ஏக்கர் நீர்ப்பரப்பு ஒரே ஏரியாக இருப்பதைவிட, ஏக்கருக்கு ஒன்றாகப் பத்துக் குழிகளாகச் சிதறியிருந்தால் அதிகச் சோடிகள் தங்கும். நீர்ப்பரப்பை மட்டும் கூட்டிச் சொல்லும் புள்ளிவிவரத்தில் இந்த வேறுபாடு தெரியாது. சிறு குழிகளை வெட்டிப் பெரிய குழியில் வடித்துவிடும் உழவர், மொத்த நீர் குறையவில்லையே என்று வாதிடலாம். ஆனால் ஆழமாகிப்போன பெரிய குழியில் மீன் பிழைக்கிறது. குஞ்சுகளுக்கு வேண்டிய பூச்சிகளை மீன் தின்றுவிடுகிறது.

வட அமெரிக்க வாத்துகள் இனப்பெருக்கம் செய்யும் பரப்பில் இந்த வட்டாரம் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் கண்டத்து வாத்துகளில் பாதியோ அதற்கு மேலோ இங்கேதான் பிறக்கின்றன என்பது பொதுவான மதிப்பீடு.

புல்லுக்குள் ஒரு கூடு

மல்லார்ட் என்ற பச்சைத்தலை வாத்து, ஊசிவால் வாத்து, கருவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகுக் கிளுவை ஆகியவை தரைக் கூட்டுக்காரர்கள். கேன்வாஸ்பேக், செந்தலை வாத்து போன்றவை தண்ணீருக்கு மேலேயே, சம்பிலும் கோரையிலும் கூடு வைப்பவை. எண்ணிக்கையில் முந்தியவை தரைக் கூட்டுக்காரர்களே.

மல்லார்ட் பெட்டை புல்லுக்குள் ஒரு சிறு பள்ளத்தைச் சுரண்டி, எட்டும் தூரத்துக் காய்ந்த புல்லை இழுத்துப் போட்டு, நாளுக்கு ஒன்றாக எட்டு முதல் பத்து முட்டை இடும். அடைகாப்பு நெருங்கும்போது தன் மார்பிலிருந்தே மென்தூவியைப் பிடுங்கிக் கூட்டைச் சுற்றி மெத்தை போடும். இரை தேடப் போகும்போது அந்தத் தூவியால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். அடைகாப்பு நான்கு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண் வாத்து அடைகாப்பதில்லை, தொடக்கத்திலேயே விலகிவிடும். கூடு நீரிலிருந்து சில அடியிலும் இருக்கலாம், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம். பொரித்த ஓரிரு நாளில் தாய் குஞ்சுகளைத் தரைவழியே நடத்தி நீருக்குக் கொண்டுபோகும்.

முதல் முட்டையிலிருந்து பொரிப்பு வரை 35 நாள். இந்த 35 நாளும் அந்தப் பெட்டைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, அதன் பழுப்பு இறகும் சுற்றிலும் நிற்கும் புல்லும்தான். நரி, ஸ்கங்க், ரக்கூன், பேட்ஜர், தரை அணில் என்று முட்டை தேடுவோர் பட்டியல் நீளம். நரி முட்டையோடு நிற்காது, தாயையும் பிடிக்கும்.

நீரைக் காக்கப் புறப்பட்ட கதை

ஐரோப்பியர் குடியேறிப் புல்வெளியை உழத் தொடங்கியபோது, குழி என்பது வீணான நிலம். வடித்தால் கறுப்பு மண். முதலில் கால்வாய் வெட்டினார்கள். பிறகு சுட்ட களிமண் குழாய்களை வயலுக்கடியில் புதைத்தார்கள். இப்போது துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் புதைக்கிறார்கள். 1990-இல் அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்ச் சேவை வெளியிட்ட கணக்கின்படி, 1780-களுக்கும் 1980-களுக்கும் இடையில் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவின் ஈரநிலம் 22.1 கோடி ஏக்கரிலிருந்து 10.4 கோடி ஏக்கராகச் சுருங்கியது. அயோவா தன் ஈரநிலத்தில் 89 விழுக்காட்டை இழந்தது. வடக்கு டகோட்டா 49 விழுக்காட்டை.

1930-களின் வறட்சி இந்த இழப்பை எல்லாரும் பார்க்கும்படி செய்தது. உழுத மண் புழுதியாகப் பறந்தது; குழிகள் வற்றின; வாத்துகள் குறைந்தன. அப்போது முன்னால் வந்தவர்களில் ஒருவர் ஜே. என். டார்லிங். அயோவாவின் செய்தித்தாள் கேலிச்சித்திரக்காரர். புலிட்சர் பரிசு பெற்றவர். அதிபர் ரூஸ்வெல்ட் அவரை அழைத்து வனவுயிர்த் துறையின் தலைமையில் அமர்த்தினார். 1934 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது: நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் 16 வயதுக்கு மேற்பட்ட எவரும் ஒரு டாலர் கொடுத்துக் கூட்டரசின் முத்திரை ஒன்றை வாங்க வேண்டும். தரையிறங்கும் இரு மல்லார்ட் வாத்துகளைக் கொண்ட முதல் முத்திரையின் படத்தை டார்லிங்கே வரைந்தார். இன்று அதன் விலை 25 டாலர். இந்த 'வாத்து முத்திரை' இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டி, 60 லட்சம் ஏக்கருக்கு மேல் வாழிடம் காக்க உதவியிருக்கிறது.

சுடுகிறவர் காசில் பறவைக்குப் பாதுகாப்பா என்று இந்த அவையில் சிலர் முகம் சுளிக்கலாம். நமக்குப் பழக்கமில்லாத ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆட்சி மாறினாலும் வரவு நிற்பதில்லை. எங்கே செலவழிக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது. 1937-இல் தொடங்கப்பட்ட டக்ஸ் அன்லிமிடெட் அமைப்பும் வேட்டைக்காரர்கள் சேர்ந்து உண்டாக்கியதே. அதன் முதல் பணி, கனடாவின் மானிட்டோபாவில் வடிக்கப்பட்டுக் கிடந்த பிக் கிராஸ் மார்ஷ் என்ற பெரும் சதுப்பில் மீண்டும் நீர் நிறுத்தியது, ஆண்டு 1938.

இந்தக் கட்டம் முழுக்கக் கவனம் நீரின் மேலேயே இருந்தது. அணை கட்டு, நீரை நிறுத்து, வாத்து வரும். வாத்தும் வந்தது. வந்த வாத்து என்ன ஆனது என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் அடுத்த கட்டம் பிறந்தது.

கூடு எண்ணக் கற்றது

புல்வெளியில் மறைந்திருக்கும் கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? 1960-களில் டகோட்டா ஆய்வாளர்கள் ஒரு முறையைச் செம்மைப்படுத்தினார்கள். இரண்டு ஜீப்புகளை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவே நீளமான சங்கிலியைக் கட்டுகிறார்கள். இரண்டும் நடைவேகத்தில் இணையாக நகரும். சங்கிலி புல்லை உரசிக்கொண்டே போகும். அடைகாக்கும் பெட்டை கடைசி நொடிவரை அசையாது. சங்கிலி மேலே வந்ததும் படபடத்து எழும். அது எழுந்த இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்கிப் போய்ப் புல்லை விலக்கிப் பார்ப்பார். கூட்டுக்குச் சில அடி தள்ளி ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைப்பார். ஒரு முட்டையைக் கறுப்புக் குழாயின் முனையில் வைத்துச் சூரியனை நோக்கிப் பிடித்தால், ஓடு ஊடாகத் தெரியும் கருவின் வளர்ச்சியை வைத்து எத்தனை நாள் அடை நடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். முட்டைகளை மறுபடி தூவியால் மூடிவிட்டு நகர்வார்கள். ஒரு வாரம் கழித்து வந்து பார்ப்பார்கள்: கூடு இருக்கிறதா, இல்லையா.

கண்டுபிடித்த நூறு கூட்டில் ஐம்பது பொரித்தால் வெற்றி 50 விழுக்காடு என்று முதலில் எழுதினார்கள். அதில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. முட்டையிட்ட மூன்றாம் நாளே நரி தின்ற கூட்டை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இருபது நாள் தாக்குப்பிடித்த கூடுதான் சங்கிலியில் சிக்கும். கணக்கில் வருபவை ஏற்கெனவே பிழைத்தவை. இந்தக் குறையைத் தீர்த்தவர் ஹாரல்ட் மேஃபீல்டு. ஒஹாயோவில் வேறு வேலை பார்த்துக்கொண்டே பறவைகளை ஆராய்ந்தவர். கூடு எத்தனை நாள் நம் கண்காணிப்பில் இருந்தது, அந்த நாள்களில் எத்தனை கூடு அழிந்தது என்பதைக் கொண்டு ஒரு நாளைக்கான பிழைப்பு விகிதத்தைக் கண்டுபிடித்து, அதை மொத்த நாள்களுக்கும் பெருக்கிக்கொண்டே போகும் முறையை 1961-இல் அவர் வெளியிட்டார்.

இந்தப் பெருக்கல் கூட்டு வட்டியைப் போன்றது. சிறு வேறுபாடு கடைசியில் பெரிதாகிவிடும். நாள் ஒன்றுக்கு நூறு கூட்டில் ஐந்து அழிகிறது, 95 பிழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நல்ல நிலை. 35 நாள் பெருக்கினால் கடைசியில் மிஞ்சுவது 17 விழுக்காடு. நாளைக்கு மூன்று மட்டும் அழிந்தால்? 34 விழுக்காடு. நாளொன்றில் இரண்டே கூட்டின் வேறுபாடு, பருவத்தின் முடிவில் குஞ்சு எண்ணிக்கையை இரட்டிப்பாக்குகிறது.

மல்லார்ட் இனம் குறையாமல் நிற்க ஏறத்தாழ 15 விழுக்காடு கூடு பொரித்தால் போதும் என்று 1985-இல் கவர்டினும் உடன் ஆய்வாளர்களும் கணித்தார்கள். இவ்வளவு குறைவாகவா என்று தோன்றும். முதல் கூடு போனால் பெட்டை இரண்டாவது, மூன்றாவது என்று முயலும். அதனால்தான் 15 போதுகிறது. ஆனால் மறுகூடு வைக்கக் குழியில் தண்ணீர் இருந்தாக வேண்டும். நீருக்கும் புல்லுக்கும் உள்ள முடிச்சு இங்கே தெரிகிறது: நீர் பெட்டையை மறுபடி முயல வைக்கிறது, அந்த முயற்சி பலிக்குமா என்பதைப் புல் முடிவு செய்கிறது. உழவு நிலம் மிகுந்த பகுதிகளில் பல ஆண்டுகள் அந்த 15-ஐக்கூட எட்டவில்லை என்று அந்தக் காலத்து அளவைகள் காட்டின. நீர் இருந்தது, வாத்து இருந்தது, குஞ்சு இல்லை.

புல்லுக்கு வந்த பணம்

திருப்பம் வாத்துக்காக வந்ததில்லை. 1980-களில் அமெரிக்காவில் தானியம் தேங்கி விலை விழுந்தது. மண் அரிப்பு மறுபடி அச்சுறுத்தியது. 1985-இன் வேளாண் சட்டம், அரிப்புக்கு ஆளாகும் வயலை உழாமல் பத்து முதல் பதினைந்து ஆண்டு புல்லாக வைத்திருக்க ஒப்புக்கொள்ளும் உழவருக்கு ஆண்டுதோறும் வாடகை தரும் திட்டத்தை உண்டாக்கியது. நாடெங்கும் கோடிக்கணக்கான ஏக்கர் புல்லாயிற்று. டகோட்டாவின் குழிகளைச் சுற்றியும் அகலமான புல்வெளிகள் திரும்பின. 1993-க்குப் பிறகு நல்ல மழையும் வந்தது. 1992 முதல் 1997 வரை அந்தத் திட்டத்தின் புல், இல்லாதிருந்தால் பிறந்திருக்காத 1.24 கோடி வாத்துகளைக் குழி வட்டாரத்தின் அமெரிக்கப் பகுதியில் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அமெரிக்கா, கனடா அரசுகள் 1955 முதல் ஆண்டுதோறும் விமானத்திலிருந்து எடுத்துவரும் கணக்கெடுப்பு 2015-இல் 4.95 கோடி வாத்துகளைக் காட்டியது. அதுவரை அவ்வளவு காட்டியதில்லை.

பெரும் பரப்பாகப் புல் இருப்பதும் துண்டு துண்டாக இருப்பதும் ஒன்றல்ல. சாலையோரத்தில் ஒரு கீற்றுப் புல் மட்டும் மிஞ்சினால் வாத்து அங்கேதான் கூடு வைக்கும். ஸ்கங்க் அந்தக் கீற்றை ஒரே இரவில் மோப்பம் பிடித்து முடித்துவிடும். பரப்பு விரிந்தால் தேடுபவனுக்கு வேலை கூடுகிறது. தேடுபவன் யார் என்பதும் முக்கியம். டகோட்டாவில் நடந்த ஓர் ஆய்வு 1995-இல் வெளியானது. சிவப்பு நரி ஆதிக்கம் செலுத்திய பகுதிகளில் கூடுகள் 17 விழுக்காடு பொரித்தன. கயோட்டி என்ற சிறு ஓநாய் ஆதிக்கம் செலுத்திய பகுதிகளில் 32 விழுக்காடு. கயோட்டி நரியைத் தன் எல்லைக்குள் விடாது. அதன் எல்லை பெரிது, எனவே எண்ணிக்கை குறைவு. சிறு முட்டைகளைத் தேடி அலைவதும் குறைவு. ஆட்டுக்காரரும் கோழிக்காரரும் சுட்டுத்தள்ள விரும்பிய விலங்கு, வாத்தின் காவலாக நின்றது.

பிறகு காற்று மாறியது. 2005, 2007 சட்டங்கள் பெட்ரோலில் எத்தனால் கலப்பதைக் கட்டாயமாக்கின. மக்காச்சோள விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த உழவர்கள் புல்லை மறுபடி உழுதார்கள். 2007-இல் 3.68 கோடி ஏக்கராக உச்சத்தில் இருந்த அந்தத் திட்டத்துக்கு 2014-இன் சட்டம் 2.4 கோடி ஏக்கர் என்று வரம்பு கட்டியது. வாடகைப் புல் வாடகைக் காலம் வரைதான். இந்தப் பாடத்தை அங்குள்ளோர் மறக்கவில்லை.

மீட்கும் வேலை

வடிக்கப்பட்ட குழியைத் திருப்புவது பார்க்க எளிது. கால்வாயின் வாயில் களிமண்ணைக் கொட்டி இறுக்கி அடைப்பார்கள். குழாய் புதைத்த இடமென்றால் சில மீட்டர் தோண்டி உடைத்து எடுத்துவிடுவார்கள். அடுத்த வசந்தத்தில் பனி உருகியதும் தண்ணீர் நிற்கும். அந்த வசந்தத்திலேயே வாத்துச் சோடிகளும் வந்துவிடும். செடிகள் வருவதற்கு மண்ணில் விதை இருக்க வேண்டும். வடித்துச் சில ஆண்டே ஆன குழியில் உறங்கும் விதைகள் முளைத்துவிடும். பல பத்தாண்டு உழுத குழியில் விதைச் சேமிப்பு கரைந்துபோயிருக்கும். சம்பும் கோரையும் காற்றிலும் பறவைக் காலிலும் வந்து சேரும். ஓரத்தில் வளரும் சிறு கோரைப் புல்வெளி தானாக வருவதில்லை. அயோவாவில் மீட்கப்பட்ட குழிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இதைத்தான்: நடுவில் சம்பு செழிக்கிறது, ஓரம் வெறிச்சோடுகிறது, அல்லது அயல்நாட்டுக் களைப்புல் அதைப் பிடித்துக்கொள்கிறது. கலப்பினச் சம்பு ஒன்று குழியையே மூடி, திறந்த நீரை இல்லாமல் செய்துவிடுவதும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழி வற்றுவது நோயல்ல. சில ஆண்டு வறண்டு, சேற்றில் புது விதை முளைத்து, மறுபடி நீர் ஏறி, செடி அழுகிப் பூச்சி பெருகி, மறுபடி வறளும் சுழற்சிதான் அதன் உயிர். எப்போதும் ஒரே மட்டத்தில் நீரை நிறுத்தி வைத்தால் குழி மெல்ல வளம் குன்றும். ஆகையால் நல்ல பராமரிப்பாளர் சில ஆண்டுகளில் தாமே நீரை இறக்கிவிடுவார்.

மேட்டு நிலத்துக்கும் இதே பொறுமை வேண்டும். தொடக்கத்தில் விரைவாக வளரும் வெளிநாட்டுப் புல்லையும் குதிரைமசாலையும் கலந்து விதைத்தார்கள். அடர்த்தி கிடைத்தது, ஆனால் சில ஆண்டில் சோர்ந்தது. இப்போது பல இடங்களில் நாட்டுப் புல்லும் பூஞ்செடிகளும் கலந்து விதைக்கிறார்கள். காட்டெருமையும் தீயும் வளர்த்த புல்வெளி அது. தொடாமல் விட்டால் காய்ந்த சருகு மூடி மூச்சடைத்துவிடும். எனவே முறைவைத்துத் தீ வைப்பதும், முறைவைத்து மாடு மேய்ப்பதும் பராமரிப்பில் அடக்கம். மாடு வளர்ப்பவர் இருக்கும் வரைதான் அந்தப் பகுதியில் உழாத புல் மிஞ்சும். வாத்துப் பாதுகாப்பாளருக்கும் மாட்டுக்காரருக்கும் நட்பு ஏற்பட்டதன் பின்னணி இது.

ஊசிவால் வாத்து தனிச் சிக்கல். வசந்தத்தில் முதலில் வந்து, அறுவடை முடிந்த வயலின் தாள்கட்டையிலேயே கூடு வைத்துவிடும். சில வாரத்தில் விதைப்புக்கு டிராக்டர் வரும். 1950-களின் நடுவில் ஒரு கோடியை ஒட்டி இருந்த அந்த இனம், 2022-இன் கணக்கெடுப்பில் சுமார் 18 லட்சம். இலையுதிர் காலத்திலேயே விதைக்கும் குளிர்காலக் கோதுமைக்கு உழவர்களை மாற்றினால் வசந்த உழவு தேவைப்படாது, கூடு பிழைக்கும். நிலத்தை வாங்காமல், உழவை நிறுத்தாமல், விதைக்கும் மாதத்தை மட்டும் மாற்றும் தீர்வு இது.

யாருடைய நிலம்?

குழிகளில் பெரும்பாலானவை தனியார் வயலுக்குள் இருக்கின்றன. அவற்றைச் சரணாலயமாக வேலியிட வழியில்லை. 1958-இல் முத்திரைச் சட்டம் திருத்தப்பட்டு, சிறு குழிகளை வாங்கவும், உரிமையில் ஒரு பகுதியை மட்டும் விலைக்கு வாங்கவும் வழி பிறந்தது. இந்த இரண்டாவது ஏற்பாட்டில் நிலம் உழவருடையதே. ஒரே தடவை பணம் பெற்றுக்கொண்டு, குழியை வடிக்கவோ தூர்க்கவோ எரிக்கவோ மாட்டேன் என்று காலத்துக்கும் எழுதித் தருகிறார். தானாக வறண்ட ஆண்டில் அதில் பயிர் செய்துகொள்ளலாம். பின்னர் புல்வெளிக்கும் இதேபோன்ற பத்திரம் வந்தது: உழக்கூடாது, மேய்க்கலாம், ஜூலை 15-க்குப் பிறகே வைக்கோலுக்கு அறுக்கலாம். கூடு பொரிக்கும் காலத்தைப் பத்திரத்தில் ஒரு தேதியாக எழுதியிருக்கிறார்கள். நிலத்தை விற்றாலும் பத்திரம் அதோடு போகும்.

சட்டத்தின் காவலை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு அங்கேயே சான்று உண்டு. 2001-இல் இல்லினாயில் கைவிடப்பட்ட ஒரு மணற்குழி பற்றிய வழக்கில், வலசைப் பறவை வருகிறது என்பதை மட்டும் வைத்துத் தனித்த குழிகளைத் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் சாக்கெட் வழக்கின் தீர்ப்பு, பெரு நீரோடு மேற்பரப்பில் தொடர்ந்து இணைந்த ஈரநிலம் மட்டுமே அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று இன்னும் சுருக்கியது. ஆற்றோடு சேராததே குழியின் இயல்பு. ஆகவே இன்று குழிகளைத் தாங்கி நிற்பவை உழவரோடு எழுதிய பத்திரங்களும், 1985-இன் வேளாண் சட்டத்தில் உள்ள 'குழியை வடித்தால் அரசு மானியம் இல்லை' என்ற நிபந்தனையும்தான்.

இந்த உழைப்பு பலித்ததா? 2019-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்றது. புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்தன. வாத்து, அன்னம், பெருவாத்து அடங்கிய குடும்பமோ 56 விழுக்காடு கூடியிருந்தது. அந்த உயர்வில் பெருவாத்துகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் பணமும் பத்திரமும் கணக்கெடுப்பும் ஒருங்கே சேர்ந்த இடத்தில் சரிவு நின்றது என்பது உண்மை. அதே புல்லில் கூடு வைக்கும் வானம்பாடிக்கும் குருவிக்கும் அந்தப் பணம் போதிய அளவு எட்டவில்லை என்பதும் உண்மை.

நமக்கு

நம் குளிர்கால ஏரிகளுக்கு வரும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அந்தப் புல்வெளியில் கூடு வைக்கும் அதே இனங்கள்தாம். நமக்கு வருபவை வட ஆசியாவில் பொரித்தவை. அதனால் வாத்து என்றால் விருந்தாளி என்றே நமக்குப் பழகிவிட்டது. வேடந்தாங்கலில் நாம் பார்க்கும் கூடுகள் நீருக்குள் நிற்கும் மரத்தில் இருப்பவை; கரையில் நின்று விரல் நீட்டி எண்ணலாம். ஆனால் ஆண்டு முழுவதும் நம்மோடு வாழும் புள்ளிமூக்கு வாத்து ஏரியோரத்துப் புல்லிலும் புதரிலும் கூடு வைக்கிறது. அதை யாரும் விரல் நீட்டி எண்ணுவதில்லை. தூர்வாரும் பொக்லைன் ஏரியின் உள்சரிவைச் செங்குத்தாக வெட்டி, ஓரத்துப் புல்லை மழித்துவிட்டுப் போனால், நீர்க் கொள்ளளவு கூடியது என்று நாம் கணக்கு எழுதுகிறோம். கூட்டுக்கான இடம் போனது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

டகோட்டாவின் ஏற்பாடுகளை இங்கே அப்படியே நட முடியாது. நம்மிடம் வேட்டை முத்திரை இல்லை, வேண்டியதும் இல்லை. அவ்வளவு அகலமான நிலமும் இல்லை. எடுத்துக்கொள்ளத் தக்கவை மூன்று. முதலாவது, நீர்நிலை மீட்புத் திட்டம் எதுவாயினும் அதன் மதிப்பீட்டில் கரையின் புல்லையும் சேர்ப்பது. சரிவு மெதுவாக இறங்கும் ஒரு பக்கத்தையாவது இயந்திரம் தொடாமல் விடுவது. இரண்டாவது, கரையோர நிலத்தில் மாடு மேய்ப்பவரையும் பயிர் செய்பவரையும் அப்புறப்படுத்தாமல், எந்த மாதத்தில் எதைச் செய்யலாம் என்று அவர்களோடு பேசி முடிவு செய்வது. மூன்றாவது, இங்கிருக்கும் மாணவர்களுக்கு: பறவைக் கணக்கெடுப்பில் வந்த தலைகளை எண்ணும் நீங்கள், பொரித்த கூடுகளையும் எண்ணத் தொடங்குங்கள். கூட்டைக் கலைக்காமல் எண்ணும் முறைகள் உண்டு. தூரத்திலிருந்து தாயோடு செல்லும் குஞ்சுகளை எண்ணுவதே ஒரு தொடக்கம். எந்த ஏரியில் எத்தனை தாய்கள் குஞ்சுகளோடு நீருக்கு வந்தன என்ற பட்டியல் கையில் இருந்தால், அடுத்த தூர்வாரும் ஒப்பந்தம் எழுதப்படும்போது அதிகாரியின் மேசையில் வைத்துப் பேச நமக்கு ஒன்று இருக்கும். வாத்து வந்தது என்ற செய்தி மட்டும் கையில் இருந்தால், அந்த மேசையில் சொல்ல நமக்கு ஒன்றும் இருக்காது.